ஒரே ஃபைலில் இரண்டு பேருடைய நேரம்

என் நாத்தனார் படிக்கும் நேரத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அரசு வேலைப் பரீட்சைக்கு இருவரும் ஒரே புத்தகங்களை வைத்துக்கொண்டு படித்தோம். படிக்க உட்காரும்போது தட்டினால் நேரம் ஓடி, எழுந்திருக்கும்போது தட்டினால் நிற்கும் ஒரு ஆப்பை அவள்தான் என் போனிலும் ஏற்றிவிட்டாள். சாயங்காலம் அன்றைய கணக்கைக் காட்டுவாள். அவளுடையது பச்சை நிறத்தில் நீளமாகக் கிடக்கும். என்னுடையது கொத்தவரங்காய் நறுக்கியதுபோல் துண்டு துண்டாக இருக்கும். "பரவால்லங்க அண்ணி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பாள். அந்த ஆறுதல்தான் இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

புதுக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்று ஆரம்பித்தார்கள். இருவருக்கும் ஆசை. ஆனால் ஞாயிறன்று மாமியார் முந்திரிக்கொல்லைக்குப் போய்விடுவார். கந்தர்வக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் கணவர் கடையைத் திறந்தாக வேண்டும். என் சின்னப் பையனைப் பார்த்துக்கொள்ள எங்களில் ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும். "யாரு அதிக நேரம் படிச்சிருக்கீங்களோ அவங்க போங்க. சண்ட வேணாம்" என்று கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வகுப்பு யாருக்கு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த வாரம் பார்த்து என் போன் சார்ஜ் ஏறாமல் மக்கர் பண்ணியது. போன் போனால் கணக்கும் போய்விடும் என்று நாத்தனார்தான் பதறினாள். இரண்டு போனிலிருந்தும் கணக்கை எக்ஸ்போர்ட் செய்து கடைக்கு மெயில் அனுப்பினாள். புது போன் வாங்கப் பையனோடு கிளம்பிய நாங்கள் வழியில் ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது, கணவர் இரண்டையும் எக்செல்லில் ஒன்றாக ஒட்டி, நேரப்படி வரிசைப்படுத்தி, பேக்கப் என்று பென்டிரைவில் போட்டுக்கொண்டிருந்தார். மொத்தத்தையும் கூட்டிவிட்டார். அவளுக்குத்தான் அதிகம்.

எனக்கு அந்த மொத்தத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மவுஸைப் பிடுங்கி ஃபைலின் மேல் வரிகளுக்குப் போனேன். ஒரு வரியில் என் பெயர் நிற்கிறது, அடுத்த வரியில் அவள் பெயர் தொடங்குகிறது. காலையில் டீ போட நான் எழுந்த நேரத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானம் பையன் அவள் மடியில் ஏறினால் "அண்ணி" என்று ஒரு சத்தம் வரும். நான் நிறுத்திவிட்டுப் போய்த் தூக்குவேன், அவள் தொடங்குவாள். ஃபைல் முழுக்க அப்படியேதான் இருந்தது.

"இங்கிட்டுப் பாருங்க" என்றேன் கணவரிடம். "நான் எந்திரிச்ச எடத்துலதான் ஒங்க தங்கச்சி ஒக்காந்திருக்கு."

நாத்தனார் மவுஸை வாங்கி, கடைசி வரி வரை தள்ளிப் பார்த்தாள். பிறகு என் இடுப்பிலிருந்த பையனை வாங்கிக்கொண்டு, "கிளாஸுக்கு நீங்க போங்க அண்ணி. நான் இவனப் பாத்துக்கிறேன்" என்றாள்.

எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு வாரம் குளிர்ந்துதான் இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கொல்லைக்குப் புறப்பட்ட மாமியார் வாசலில் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் மகளுக்கு என்னா மனசுங்கிறீங்க! அண்ணிக்காகக் கிளாஸையே விட்டுக் குடுத்துட்டா."

என் வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது. இத்தனை மாதம் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து எழுந்து போனதை, விட்டுக்கொடுத்தது என்று அந்த வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை.