பட்டியலில் இல்லாத ஏழு கிணறுகள்

தண்ணீர் பவுசர் வண்டி எந்த வீடுகளுக்கு முதலில் போகும் என்று எங்கள் ஊர்க் கந்தோரில் ஒட்டியிருந்த பட்டியலை இரண்டு முறை எண்ணினேன். விண்ணப்பித்தவை நாற்பத்து மூன்று வீடுகள், பட்டியலில் முப்பத்தாறுதான். கிணறு அடியோடு வற்றிப்போன ஏழு வீடுகளையும் காணவில்லை. அதில் ஒன்று என்னுடையது.

பட்டியலைத் தயாரித்த கந்தோர் உத்தியோகத்தர் நாற்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர். எதையும் வரிக்குக் கீழே அடிமட்டக் கோல் வைத்துத்தான் வாசிப்பார். என் விண்ணப்பத்தையும் அப்படியே வாசித்தார்.

“கிணத்திலை தண்ணி எத்தினை அடி நிக்குது எண்ட இடத்திலை ‘வத்திப்போச்சு’ எண்டு எழுதியிருக்கிறியள், ஐயா. மற்றவை இலக்கம் எழுதினவை. சொல்லையும் இலக்கத்தையும் கலந்து குடுத்தால், எது கூட எது குறைய எண்டு கொம்பியூட்டருக்குத் தெரியாது. வரிசைப்படுத்தாமல் நிண்டிட்டுது. அதாலை சொல் எழுதின ஏழையும் எடுத்திட்டன்.”

“தண்ணி இல்லாதவனை எடுத்துப்போட்டுத் தண்ணிக்குப் பட்டியலோ? பூச்சியம் எண்டு போட உமக்குக் கை வரேல்லையோ, தம்பி?”

“சனம் எழுதினதை நான் மாத்தக்கூடாது, ஐயா. ஏழு பேருக்கும் புதுப் படிவம் வைச்சிருக்கிறன். நீங்களே எழுதுங்கோ.”

படிவத்தை வாங்கிப் பூச்சியம் போட்டேன். “உம்மடை கிணத்திலை தண்ணி நிறைய இருக்குது போலை. அதுதான் உப்பிடிக் கதைக்கிறீர்” என்றேன்.

“அந்த ஏழிலை எங்கடையும் ஒண்டு, ஐயா. மனிசி எழுதினது. அவ வந்துதான் திருத்தவேணும்.”

மறுநாள் பவுசர் என் வாசலில் நின்றது. முதல் வாளியை நிரப்பும்போது, அவருடைய மனைவி கந்தோருக்குப் போயிருப்பாரா என்றுதான் யோசித்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.