வாடி நாயும் என் நித்திரையும்

வயல் வட்டைக் காவல்காரன் பயிரைப் பார்க்கிற நேரத்தைவிடத் தன் பயத்தைப் பார்க்கிற நேரம்தான் கூட. வயல்வெளியில் வாடி என்கிற ஓலைக் குடில் கட்டித் தனியே கிடந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து சில வருஷம், சவளக்கடைப் பக்கத்தில் ஒரு போடியாரின், பெரிய நிலக்காரரின், வயலுக்கு நான் காவல் இருந்தேன்.

கை நடுக்கம்

பக்கத்து வாடியை யானை பிரித்துப் போட்டது. அதில் இருந்தவர் தப்பிவிட்டார். நித்திரை போனது எனக்குத்தான். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் கை ஆடும். வேலையை விடப் போகிறேன் என்று போடியாரிடம் சொன்னேன். மறுநாள் உழவு மெஷினில் ஒரு செவலை நாயைக் கொண்டுவந்து இறக்கினார்.

அது வாடிக்கு வெளியே, என் தலைமாட்டில், கிடுகுக்கு மறுபக்கம் படுத்தது. அதன் மூச்சுக் கேட்டால் எனக்குக் கண் சொருகும். கொஞ்ச நாளில் கை ஆட்டமும் நின்றது. போடியார் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீ என்னத்த யோசிக்கிறாய்? இது ஒண்டும் யோசிக்காது. இதப் பாத்துப் படி மனே.”

வெள்ளிக்கிழமை

வயல் காக்க நாய் வைக்க எங்கள் இஸ்லாம் மார்க்கத்தில் இடமுண்டு. அதன் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், ஒரு தரம் மண் கலந்து. நான் தவறவிட்டதில்லை. வாய்க்கால் கரையில் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. ஆனாலும் ஜும்ஆத் தொழுகையில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடைவெளி விழும். முன்பு தோளோடு தோள் நின்ற மீன் வியாபாரியும் தள்ளி நின்றார். தொழுது முடிந்ததும் ஏன் என்று கேட்டேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர் அவர்.

“கழுவிட்டுத்தான் வருவீங்க எண்டு தெரியும் காக்கா. தெரிஞ்சும் தள்ளி நிக்கத்தான் மனசு சொல்லுது.”

தண்ணி வராத போகம்

ஒரு சிறுபோகத்தில் வாய்க்காலில் தண்ணி வரவில்லை. போடியார் காலையில் வந்தால் பின்னேரம் வரைக்கும் வரம்பில் நடந்து வானத்தையும் என்னையும் ஏசுவார். நாய் தன் முன்னங்காலை நக்கத் தொடங்கியது. நக்கி நக்கி மயிர் போய்ச் சதை தெரிந்தது. அவர் வராத நாளிலும் நிறுத்தவில்லை. அப்படியானால் இந்தப் பதட்டம் அதற்கு யாரிடமிருந்து வந்தது? என் விரல்களைப் பார்த்தேன். கடித்துக் கடித்து நகம் ஒன்றும் மிச்சமில்லை. அதன் நிம்மதியை நான் எடுத்துக்கொண்டு என் பயத்தை அதற்குக் கொடுத்துவிட்டேனோ?

நாயின் காலைப் போடியாருக்குக் காட்டினேன். “வயல் காயிறது எனக்கு. இதுக்கென்ன கவல?”

பெண்சாதி வீடு

போகம் முடிந்து நெல் ஏறினால் காவல்காரன் ஊருக்கு, நாய் வாடிக்கு. அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சாய்ந்தமருதில், வீட்டுக்குள் பாய் போட்டுப் படுத்தும் எனக்கு நித்திரை இல்லை. நாயைக் கொண்டுவந்து வேலிக்கு வெளியே கட்டலாமா என்று மாமாவிடம் கேட்டேன். கேட்கத்தான் வேண்டும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை வந்து இருக்கிறவன்.

மாமா வெற்றிலையை மென்றபடி சொன்னார்: “என்ட மகள்ர வீட்டுல வந்து கிடக்கிறதுக்கு ஒராள் போதும்.”

பாதை மூடின காலம்

எண்பதுகளின் நடுவில் தமிழ்-முஸ்லிம் குழப்பம் வந்தது. தமிழாக்களின் ஊர் வழியே நாங்களும், எங்கள் ஊர் வழியே அவர்களும் போகப் பயந்தோம். விளைந்த வயலை விட்டு என்னை அவசரமாக மெஷினில் ஏற்றினார்கள். நாயையும் ஏற்றக் கேட்டேன். மெஷின் ஓட்டுபவர் விடவில்லை. மாதக்கணக்காகப் பாதை திறக்கவில்லை.

திறந்த பிறகு, பக்கத்து வயல்காரரான பாண்டிருப்பு நாகலிங்கத்தைக் கல்முனைச் சந்தையில் கண்டேன். இருவரும் முதலில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் கதைத்தோம். நாயைப் பற்றிக் கேட்டேன்.

“நான் களவாப் போய்ச் சோறு வச்சன். மணந்து பாத்துட்டு, தின்னாம நீங்க போன ரோட்டப் பாத்துப் படுத்துக்கும். கடைசியாப் போகக்குள்ள எழும்பல்ல காக்கா.”

இப்போது என் பயத்துக்குக் குளிசை இருக்கிறது. போட்டால் நித்திரை வருகிறது, நான் போடாவிட்டாலும் அது எனக்காகப் பட்டினி கிடப்பதில்லை, அந்த வகையில் வசதிதான்.