தளம் போட்ட வருஷம்

எங்கள் ஊர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. புதூர்நாட்டுக்கு ஏறும் பாதை எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். எழுபதுகளின் கடைசியில் நான் சவூதிக்கு வேலைக்குப் போனேன். ஊரில் எல்லோரும் துபாய் என்றே சொன்னார்கள். அரபு நாடு எதுவானாலும் அவர்களுக்கு அது துபாய்தான். நானும் திருத்தவில்லை.

சாலை போடும் ஒரு கம்பெனியின் பட்டறையில் எனக்கு மெக்கானிக் வேலை. மண் தள்ளும் இயந்திரங்கள், தண்ணீர் லாரிகள், ஆட்களை ஏற்றிப்போகும் வண்டிகள் எல்லாம் எங்களிடம்தான் வரும். தகரமும் பலகையும் சேர்த்து அடித்த அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் ஆம்பூர்க்காரர், தச்சர், எங்களில் மூத்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். இன்னொருவர் நாகர்கோவில்காரர், ஸ்டோரில் கணக்கெழுதுபவர். அவருக்கு மாதம் ஒருமுறை வீட்டிலிருந்து பழைய தமிழ்ப் பத்திரிகைகள் கட்டாக வரும்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. துணி துவைத்து, சோறாக்கி வைத்துவிட்டுப் பேச உட்காருவோம். பேச்சு பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சுற்றித்தான் வரும். வண்டி, ஊரில் கட்டுகிற வீடு, பத்திரிகைகள் எழுதுகிற பொய். நாகர்கோவில்காரருக்குச் சொந்த வண்டியே பிடிக்காது. "வண்டி வாங்குகவன் வண்டிக்கு வேலைக்காரன் ஓய்" என்பார். பாய்க்கு வீடுதான் முக்கியம். வீடு கட்டாமல் திரும்பிப் போகிறவன் இங்கே வந்ததற்கு அர்த்தமே இல்லை என்பார். நான் இரண்டுமே வேண்டும் என்பவன். தம்பிக்கு ஒரு பழைய ஜீப் வாங்கிக் கொடுத்திருந்தேன். அவன் அதைத் திருப்பத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் இடையில் ஓட்டிக்கொண்டிருந்தான். பஸ் அபூர்வமாக வருகிற பாதை அது. புளி மூட்டை, பலாப்பழம், சாமை, அவற்றுக்கு மேல் ஆட்கள் என்று ஜீப் எப்போதும் நிறைந்துதான் போகும். ஜீப்பின் வருமானம், அவன் மேற்பார்வையில் ஊரில் எழும்பிக்கொண்டிருந்த எங்கள் புது வீட்டின் கட்டட ஆட்களுக்குக் கூலியாகப் போயிற்று.

பத்திரிகை விஷயத்தில் எனக்கும் நாகர்கோவில்காரருக்கும் எப்போதும் சண்டை. வளைகுடாவுக்குப் போனவன் தங்கத்தில் புரளுகிறான் என்று எழுதுகிறவர்கள், முப்பது பேர் ஒரே கக்கூசுக்கு வரிசையில் நிற்பதை எழுதுவார்களா என்று கேட்பார். நெருப்பில்லாமல் அவர்கள் எதையும் எழுதிவிட மாட்டார்கள் என்பது என் கட்சி. ஒரு வெள்ளிக்கிழமை எங்கோ ஒரு லாரி கவிழ்ந்த செய்தியை அவர் உரக்கப் படித்தார். டிரைவர் குடித்திருந்ததாக எழுதியிருந்தது.

"குடிச்சிட்டு ஓட்டுனா இப்படித்தான்" என்றேன் நான்.

"நீரு போய் ஊதச் சொல்லிப் பாத்தீரா?" என்று கேட்டார் அவர்.

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கடிதம் எழுதத் தம்பிக்குப் பொறுமை கிடையாது. கேசட்டில் பேசி, விடுமுறை முடிந்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். நானும் பதிலைக் கேசட்டில் பேசி அனுப்புவேன். அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் அவனிடமிருந்து ஒன்று வந்தது. பட்டறை முடிந்து வந்து, கையில் கிரீஸோடு அதைப் போட்டுக் கேட்டேன்.

"ணா, வூட்டுக்கு சென்ட்ரிங் அடிச்சாச்சு. கம்பி கட்டினுக்கீறாங்க. ஆனா ஜீப்புல பிரேக்கு சரியில்லணா. ஆயில் கசிஞ்சிக்கினே கீது. மாஸ்டர் சிலிண்டரே மாத்தணும்ன்றாங்க. ஒரு பத்து நாளு வண்டிய வேலூர்ல வுட்டுட்டு, தளத்த கார்த்திகைக்கு அப்பால வச்சிக்கலாமாணா? நீ இன்னா சொல்றியோ அப்படியே செய்றேன்."

அதன் பிறகு அவன் மகள் ஒரு பாட்டுப் பாடினாள். பின்னால் ஆடு கத்தியது.

அந்த வெள்ளிக்கிழமை என் பதிலைப் பேசினேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கான்கிரீட் தளத்துக்காக அடித்த சென்ட்ரிங் பலகை மழையில் நனைந்தால் வீணாகிவிடும், அதனால் தளத்தை முதலில் போட்டுவிடு என்றேன். வண்டியை நிறுத்தினால் கூலி எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "ஒரு கேன்ல பிரேக் ஆயில வச்சிக்கினு, டெய்லி காலைல ஊத்திட்டு வண்டிய எடு. எறக்கத்துல ரெண்டாவது கியர்லயே வா. ஒண்ணும் ஆவாது. நான் பங்குனில வரும்போது நானே பிரிச்சு மாத்திடறேன்" என்றேன்.

மலைப்பாதையில், மூட்டையும் ஆளுமாகப் போகிற வண்டிக்கு அப்படிச் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் பிரேக் கசிகிற வண்டியை நான் வாசலைத் தாண்டி விட்டதில்லை. அதற்காக ஒரு மேஸ்திரியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் மனதில் சென்ட்ரிங் பலகைதான் இருந்தது. ஆம்பூருக்குப் புறப்பட்ட பாயின் சொந்தக்காரரிடம் கேசட்டையும், குளியலறைக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு பித்தளைக் குழாய்களையும் கொடுத்தனுப்பினேன்.

ஐந்தாறு வாரம் கழித்துத் தந்தி வந்தது. சந்தவாசலிலிருந்து என் மனைவியின் அண்ணன் அடித்திருந்தார். ஜீப் விபத்தில் தம்பி இறந்துவிட்டான், அடக்கம் முடிந்தது என்பதுதான் செய்தி. தந்தி என் கைக்கு வரும்போது அவன் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பாஸ்போர்ட் கம்பெனியிடம். அடக்கமே முடிந்துவிட்டது, இனி நீ போய் என்ன செய்வாய் என்று கேட்டார் அலுவலகத்தில் இருந்தவர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன்.

அந்த மாதப் பத்திரிகைக் கட்டு வந்தபோது நாகர்கோவில்காரர் வழக்கத்துக்கு மாறாகத் தான் மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மூன்று நாள் அப்படியே இருந்தது. நான்காம் நாள் நானே கேட்டேன். அவர் பாயைப் பார்த்தார். "கொடுத்துடுப்பா, எத்தினி நாளைக்கு மறைக்க முடியும்" என்றார் பாய்.

உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். குடிபோதையில் ஜீப் ஓட்டியதால் விபத்து, மலைவாசிகள் ஐந்து பேரும் டிரைவரும் பலி. ஜீப்பில் சாராய வாடை வீசியதாகவும், வெள்ளை நிறக் கேன் ஒன்று கிடந்ததாகவும், மலையிலிருந்து கள்ளச்சாராயம் கடத்தியிருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. மலைப்பகுதியில் குடிப்பழக்கம் பெருகிவிட்டது என்று முடித்திருந்தார்கள்.

என் தம்பி பீடிகூடக் குடிக்காதவன். அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பத்திரிகைக்காரர்களை, மலையை, கம்பெனியை, எல்லோரையும் திட்டினேன். கவிழ்ந்த லாரிச் செய்திக்கு அன்றைக்கு நான் சொன்னதை நாகர்கோவில்காரர் ஞாபகப்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை.

அந்தப் பத்திரிகைக்கு மூன்று கடிதம் எழுதினேன். எதுவும் வெளிவரவில்லை. எழுதும்போதெல்லாம் அந்த வெள்ளைக் கேன் என்ற சொல் என் கண்ணில் வந்து நின்றது. கேசட் போய்ச் சேர்ந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். பாயின் சொந்தக்காரர் ஆம்பூரிலேயே அதை மறந்து வைத்திருப்பார். டேப்ரிக்கார்டர் கெட்டிருக்கும். ஐந்து மாதமும் இப்படி எதையாவது நினைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

பங்குனியில் ஊருக்கு வந்தேன். வீட்டுக்குத் தளம் போட்டிருந்தது. விபத்துக்கு நான்கு நாள் முன்னால் போட்டதாம். சுவர் பூசாமல், கதவு வைக்காமல் அப்படியே நின்றது. தம்பி மனைவி பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழவில்லை. நான் கேட்க வேண்டியதைச் சுற்றி வளைத்துக் கேட்டேன். குழாய் வந்து சேர்ந்ததா என்றேன்.

"வந்துச்சு மாமா. கேசட்டும் வந்துச்சு."

"கேட்டானா?"

"ரெண்டு வாட்டி போட்டுக் கேட்டாரு. நான்தான் வாணாம்னேன். ஒரு வாரம் வண்டிய நிறுத்துங்க, வூடு எங்கயும் ஓடிடாதுன்னேன். அண்ணனே மெக்கானிக்கு, அவரே சொல்றாரு, உனக்கு இன்னா தெரியும்னாரு."

சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து வேறொரு ஜீப்பில் மலைக்குப் போனேன். விபத்தில் பிழைத்த ஒரு பெண்மணி புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்தார். திருப்பத்தூரில் புளி விற்றுவிட்டுத் திரும்பும்போது அவரும் அவர் கணவரும் அந்த ஜீப்பில் இருந்திருக்கிறார்கள். கணவர் போய்விட்டார். இவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து சரியாகக் கூடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். நான் யார் என்று சொன்னதும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க தம்பி குடிக்கலிங்க. யாரு சொன்னாலும் நம்பாதீங்க" என்றார். "மேடு ஏறி முடிச்சு, அந்தாண்ட எறங்குற எடம். காலால மிதிக்கிறாரு, மிதிக்கிறாரு, வண்டி நிக்கல. கியரு போட்டாரு, சத்தம் வந்துச்சு, அது விழல. எல்லாரும் குதிச்சிடுங்கன்னு கத்துனாரு. நான் குதிச்சிட்டேன். எங்க வூட்டுக்காரரு மூட்டைங்களுக்குள்ள மாட்டிக்கினாரு. உங்க தம்பி குதிச்சிருக்கலாம். குதிக்கல."

தண்ணீர்ச் செம்பை வாங்கி வைத்துவிட்டு, "எங்க ஆளு குடிச்சிட்டு செத்தான்னு பேப்பர்ல போட்டாங்களாமே. படிக்கத் தெரிஞ்சவங்க சொன்னாங்க. அன்னிக்குப் புளிய வித்துட்டு மருந்து வாங்கியாறப் போனாருங்க" என்றார்.

பத்திரிகைக்காரரைப் பார்த்து எழுத வைக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவர் திருப்பத்தூரில் தட்டச்சுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். என்னைவிடச் சின்னவர். மரியாதையாக நாற்காலி போட்டார். நான் போன வேகத்தில் ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். நீங்கள் அந்த இடத்துக்குப் போனீர்களா, யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"போவலிங்க. அங்கருந்து வந்தவங்க சொன்னத வச்சு எழுதுனேன். மலை வண்டி, கேன் கிடந்துச்சு, ஏதோ வாடை அடிச்சுதுன்னாங்க. வேற இன்னாவா இருக்கும்னு நெனச்சிட்டேன். தப்புதான்."

அவர் இப்படி ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"மறுப்புன்னு போட்டா சின்னதா போடுவாங்க. ஆனா காரணத்தோட எழுதுனா செய்தியாவே போட வைக்கலாம். குடிக்கல, சரி. அப்போ வண்டி ஏன் கவுந்துச்சு? கேன்ல இன்னா இருந்துச்சு? நீங்க மெக்கானிக்குன்றீங்க, உங்களுக்குத் தெரியாததா. சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன்."

பக்கத்து அறையில் நாலைந்து பெண்கள் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். கேனில் பிரேக் ஆயில் இருந்தது. கசிகிற பிரேக்கோடு ஓட்டச் சொன்னது நான். ஐந்து பேர் அவன் வண்டியை நம்பி ஏறினார்கள். இதைச் சொன்னால் என் தம்பி குடிகாரன் இல்லை என்று ஆகிவிடும். ஆனால் ஊரில், மலையில், என் மனைவியின் சந்தவாசலில் எல்லோரும் என் பெயரைப் படிப்பார்கள். போலீஸ் வந்தால் மறுபடி சவூதிக்குப் போக முடியுமா என்பதும் அதே கணத்தில் என் மனதில் ஓடியது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

"தெரியலிங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியலிங்க. நான் ஊர்ல இல்ல."

அவர் பேனாவை மூடினார். குடிக்கவில்லை என்று உறவினர் கூறுவதாக ஒரு வரி அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். அனுப்பினாரா என்று தெரியாது. அது வெளிவரவில்லை. மலையிலிருந்த அந்த அம்மாவிடம் நான் திரும்பிப் போகவில்லை.

விடுமுறை முடிவதற்குள் வீட்டுக்குக் கதவு வைத்தேன், சுவர் பூசினேன், அந்தப் பித்தளைக் குழாய்களையும் பொருத்தினேன். புது வீட்டில் ஒரு அறை எடுத்துக்கொள் என்று தம்பி மனைவியிடம் சொன்னேன். வேண்டாம் மாமா என்றாள். நான் விமானம் ஏறிய வாரமே மகளோடு அமிர்திப் பக்கம் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே வனத்துறை நாற்றங்காலில் கூலி வேலை கிடைத்ததாம்.

அறைக்குத் திரும்பியதும் பாயிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். மரம் இழைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சொல்லியிருக்கணும்ப்பா நீ" என்றார். மறுபடி இழைக்கத் தொடங்கினார். நாகர்கோவில்காரர் பத்திரிகையை மௌனமாகப் படிக்கப் பழகிவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வண்டியைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். என் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. தம்பி மனைவி மலைக்குப் போய் வந்தாளாம். யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. இறந்துபோன ஐந்து பேரின் வீட்டுக்கும் இரண்டு நாள் நடந்தே போயிருக்கிறாள். "எங்க வூட்டுக்காரரு குடிக்கல. உங்க ஆளுங்களும் குடிக்கல. வண்டில பிரேக்கு கெட்டிருந்துச்சு. தெரிஞ்சும் சரி பண்ணாம ஓட்டுனோம். அது எங்க தப்பு" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறாள். ஒரு வீட்டில் வெளியே போகச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. இடுப்பு முறிந்த அந்த அம்மா அவளை உட்காரவைத்துச் சாமைச் சோறு போட்டிருக்கிறார். பேப்பர்ல போடறேன்னு சொன்னவரு இன்னா ஆனாரு என்று என்னைப் பற்றி விசாரித்தாராம்.

அவள் அதற்கு என்ன பதில் சொன்னாள் என்று மனைவி எழுதவில்லை. எங்க தப்பு என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னாளாம், உங்கள் பெயரை எங்கேயும் எடுக்கவில்லை என்று மட்டும் எழுதியிருந்தாள். கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அன்றைக்கு ஒரு தண்ணீர் லாரி வந்திருந்தது. அதன் எல்லாச் சக்கரத்தையும் கழற்றச் சொன்னேன். பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லையே என்றார் டிரைவர். பரவாயில்லை, கழற்றுங்கள் என்றேன்.