பாறைப்பறவைக்குத் தெரிந்த முகம்

லண்டனில் பறவைப் பூங்கா ஒன்றில் வேலை என்றால், பாதி நாள் புழுவுக்கும் வெட்டுக்கிளிக்கும் போய்விடும். மீதி நாள், வெளியே வராத பறவைக்காக மன்னிப்புக் கேட்பதில் போகும். அடுத்தவர் செய்ததற்குத் திட்டு வாங்குகிற சகபாவிகளுக்கு இது புரியும்.

வீட்டில் ஆள் இல்லை

என் பொறுப்பில் இருந்தவை மத்திய ஆபிரிக்கக் காட்டின் பாறைப்பறவைகள், ஒரு சோடி. நீண்ட கால், சாம்பல் கழுத்து, இறகில்லாத மொட்டைத் தலை, பூச்சிதான் சாப்பாடு. கூச்சமென்றால் அப்படியொரு கூச்சம். கண்ணாடிக்கு வெளியே ஒரு குழந்தை தும்மினால் பாறை இடுக்குக்குள் போய்விடும். ஹவுன்ஸ்லோவிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு ஐயா வெறும் பாறையை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஆக்கள் வீட்டிலை இல்லையெண்டால் கதவிலை எழுதிப் போடுங்கோவன்!"

தாடிக்குப் பழகியவள்

போன மாரியில் ஆண் பறவை செத்துப்போனது. பெண் சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் பாறைக்குக் கீழே அசையாமல் குந்தியிருந்து, இடுக்கியில் வெட்டுக்கிளியை நீட்டியபடி இருப்பேன். கால் மரத்துப்போகும். ஒருநாள் காலை தத்தித் தத்தி வந்து, என் தாடியை உற்றுப் பார்த்துவிட்டு, வெட்டுக்கிளியைக் கொத்திக்கொண்டு ஓடினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு வேறு யார் கொடுத்தாலும் அரைகுறைதான். எங்கள் மிருக வைத்தியர் வனஜா, மலேசியாக்காரர், சிரித்தார். "அண்ணே, இனிமே நீங்க லீவே எடுக்க முடியாது!"

மொட்டை

லீவு எடுக்க வேண்டிவந்தது. எட்மண்டனில் அப்பா போய்விட்டார். நான் மூத்தவன், கொள்ளி வைக்க வேண்டியவன். எங்கள் வழக்கப்படி தலை, தாடி, மீசை எல்லாவற்றையும் மழித்தேன். அந்த நேரம் பறவையின் நினைவு எங்கே வரும்?

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அவள் மெலிந்துபோயிருந்தாள். வழமைபோலக் குந்தியிருந்து நீட்டினேன். என்னைக் கண்டதும் மிரண்டு இடுக்குக்குள் பாய்ந்தாள். தானே மொட்டைத் தலைக்காரி, என் மொட்டைக்குப் பயந்தாள். தொப்பி போட்டேன், சால்வையால் மழித்த நாடியை மூடினேன். வரவில்லை. வனஜா அவளைப் பிடித்துக் குழாயால் ஊட்டிப் பார்த்தார், பயத்திலேயே துவண்டுபோனாள்.

எனக்குத் தாடி முளைக்கத் தொடங்கிய வாரம், பாறையடியில் செத்துக் கிடந்தாள். அப்பாவுக்கு வராத அழுகையெல்லாம் அங்கே வந்தது. "டொக்டர், நான்தானே! அவளுக்கு என்னைத் தெரியேல்லையே!" என்றேன். வனஜா என் தோளில் கைவைத்தார். "அண்ணே, அதுக்கு நீங்களும் செத்துட்டீங்க."

துக்கத்துக்கு லீவு தாராளமாகத் தருகிறார்கள் சகபாவிகளே, திரும்பி வரும்போது பழைய முகத்தோடு வந்தால் போதும்.