லூர்துராணியின் இடது கை

பாலக்கரை லூர்துராணிக்குப் பகலில் ஸ்கூலில் தையல் டீச்சர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்மோனியம். கல்யாண நாட்களில் தங்கையனின் மெல்லிசைக் குழுவில் கரண்ட் ஆர்கன். அந்த ஆர்கனில் இடது ஓரத்துக் கட்டைகள் மட்டும் நிறம் மாறி இருக்கும். அமுக்கினால் கும் கும்மென்று பேஸ் என்கிற கனத்த கீழ்ச்சுரம் கிளம்பும், கேட்கிறவன் வயிறு அதிரும்.

அறுபத்தெட்டில் குழுவின் பேஸ் கிதார் செத்துப்போச்சு. ரிப்பேர் பார்த்தவர் கையை விரித்துவிட்டார். நோட்டீசிலோ "பேஸ் கிதார் உண்டு" என்று கொட்டை எழுத்து. தங்கையன் யோசித்தார் பாருங்கள் ஒரு யோசனை! மச்சான் அழகிரி ஊமைக் கிதாரை மாட்டிக்கொண்டு நிற்பது. பேஸை லூர்துராணி இடது கையால் வாசித்துவிடுவது.

"மைக்கில என் பேரைச் சொல்லுவீங்களா அண்ணே?"

"ஆர்கனுக்குச் சொல்றேனேம்மா. பேஸுக்கு அழகிரி பேருதான். பொம்பளை பேஸ் வாசிக்கிறான்னா எவன் நம்புவான்?"

அட, இது எந்த ஊர் நியாயம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். கைதட்டலையெல்லாம் அழகிரி குனிந்து குனிந்து வாங்கிக்கொண்டான். பாட்டு முடிந்ததும் விரலை வேறு உதறிக்கொள்வான், வலிக்குதாம்!

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவர் மேடையோரம் வந்து, "கடைசிப் பந்தி போட்டாச்சு, சாப்பிடாதவங்க வாங்க" என்று கூப்பிட்டார். அழகிரி பசி தாங்காதவன். கிதாரைக் கழற்றி நாற்காலியில் சாத்திவிட்டு இறங்கிப் போயே போய்விட்டான்.

தங்கையனுக்கு வேர்த்துவிட்டது. நிறுத்து, நிறுத்து என்று லூர்துராணிக்குக் கண்ணைக் காட்டினார். இடது கையை எடுத்தால் போதும், குட்டு வெளிப்படாது. அவள் எடுப்பாளா? சத்தத்தைக் கூட்டி வைத்து வெளுத்து வாங்கினாள்.

முன்வரிசையில் கல்யாணப் பெண்ணின் மாமா எழுந்தேவிட்டார். "என்னங்க இது, ஆளு பந்திக்குப் போயிட்டாரு, கிதாரு தானா வாசிக்குது! நெசமா யாருங்க வாசிக்கிறது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தங்கையன் வேறு வழியில்லாமல் மைக்கைப் பிடித்தார். "பேஸ்... லூர்துராணி."

கைதட்டல் அடங்க நேரமாச்சு. அவள் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். இடது கை மட்டும் நிற்கவில்லை.

இன்னும் இரண்டு பாட்டு முடிந்து மறுபடி கைதட்டல் எழுந்த நேரம் பார்த்து வெற்றிலை மென்றபடி வந்தான் அழகிரி. தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நாலு பக்கமும் கும்பிட்டான். பிறகு ஆர்கன் பக்கம் குனிந்து கேட்டான்:

"நான் இல்லாம ரொம்பச் சிரமப்பட்டீங்களாக்கா?"