கரும்புக்குப் பின்னால் ஒரு சுவர்

ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியை எடுத்துக்கொண்டு சுவர் பார்க்கக் கிளம்பிவிடுவேன். வில்லியனூரிலிருந்து பாகூர் வரை எந்தச் சுவரில் யார் என்ன கிறுக்கியிருந்தாலும் இறங்கிப் படம் எடுப்பேன். பள்ளிக்கூட மதிலில் செங்கல் துண்டால் வரைந்த கணக்கு வாத்தியார், பஸ் ஸ்டாப்பில் ஆணியால் கீறிய இதயங்கள். "பொண்ணு பாக்கப் போற வயசுல செவுரு பாக்கப் போறான்" என்பது வீட்டில் என்னைப் பற்றிய நிரந்தரத் தீர்ப்பு.

ஏம்பலம் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில்தான் அந்தச் சுவரைக் கண்டேன். மோட்டார் கொட்டகையின் பின்சுவர் முழுக்க அடுப்புக்கரியால் பெண்கள். கரும்பின் காய்ந்த இலையை, சோகையை, உரிக்கிறார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகியிருக்கிறாள். ஒருத்தி குனிந்தபடியே முதுகைச் சொறிந்துகொள்கிறாள். வரைந்த அக்கா அங்கேயே சோறு தின்றுகொண்டிருந்தார். கூலிக்கு வந்தவர். கூட வேலை செய்கிறவர்களைத்தான் வரைந்திருந்தார். மத்தியானத்தில் அவரவர் உருவத்துக்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம்.

"எடுத்துக்க தம்பி. எந்தக் கொல்லைன்னு மட்டும் சொல்லாத. கொல்லைக்காரரு கண்டுக்கமாட்டாரு. வெளியாளுக்குத் தெரிஞ்சா வெள்ளயடிச்சி வெளம்பரம் எழுதிடுவானுங்க."

சொல்லமாட்டேன் என்றேன்.

அரியாங்குப்பத்தில் சுவர் விளம்பரம் எழுதும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. பள்ளியிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவன். என் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரே ஆள். அவனை வெளியாள் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தச் சுவரின் படத்தையும் காட்டினேன்.

"யாரு கைடா இது? எனக்கே இந்த முதுகு வராதுடா" என்றான். நான் உருகிவிட்டேன். எங்க கீது என்று கேட்டான், சொன்னேன். கரும்பு எப்ப வெட்டுவாங்க என்றும் கேட்டான். நல்ல வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்படுகிறான் போல என்று அதையும் விசாரித்துச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், லொகேஷன் வேறு அனுப்பினேன்.

வெட்டு முடிந்த வாரம் போனேன். கரும்பு போனதும் அந்தச் சுவர் மெயின் ரோட்டிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. வெள்ளையடித்து, ஒரு கட்சியின் பெயர் எழுதி, பக்கத்தில் 'ஆல் சைடு' என்று போட்டிருந்தது. நாலு பக்கமும் எங்களுக்கே, வேறு எவனும் தொடக்கூடாது என்று அர்த்தம். அந்த எழுத்தின் சுழியை எனக்கு நன்றாகத் தெரியும்.

அங்கிருந்தே அவனுக்குப் போன் போட்டேன்.

"எலக்ஷன் வருதுடா. ரோட்டோரச் செவுரு கெடைக்கிறதே இல்ல. கரி எப்டியும் மழைல போய்டும். உன்கிட்டதான் போட்டோ கீதே, அப்புறம் இன்னா?"

"நல்லாருக்குன்னு சொன்னியேடா."

"நல்லாதாண்டா இருந்துது. யாரு இல்லன்னது?"

பொய்யாகப் புகழ்ந்து ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். அந்த முதுகின் அருமை தெரிந்த ஒரே ஆள் அவன். தெரிந்தேதான் பிரஷ்ஷை வைத்திருக்கிறான். துரோகி என்று கத்திவிட்டு வைத்தேன். அதோடு பேச்சு நின்றது.

அக்கா அடுத்த கொல்லையில் கரும்புக் கரணை நட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வரப்புக்கு ஏறி வந்தார்.

"யார்கிட்டனா சொன்னியா தம்பி?"

"இல்லக்கா."

யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பிவிட்டார்.

"நீ சொல்லிருக்கமாட்ட. கட்சிக்காரனுங்களுக்கு மோப்பம் ஜாஸ்தி" என்றார். பிறகு நட்டுக்கொண்டிருந்த மற்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். ஏரி மதகுக்குப் பக்கத்துச் சுவரில் எல்லோரையும் மறுபடி வரைய ஆரம்பித்திருக்கிறாராம்.

"உனக்கு மட்டுந்தான் சொல்றன். வந்து எடுத்துக்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அந்த மதகுப் பக்கம் இன்னும் போகவில்லை.