நஸீறா டீச்சரின் மூன்றாவது கடிதம்

நஸீறா டீச்சரிடம் பொய் சொல்வதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அவர் நம்பிவிடுவார்.

வயிற்றுவலி என்று ஒரு பிள்ளை சுருண்டால், "அப்படியா மகன்" என்று பாயை விரித்துப் படுக்க வைப்பார். உப்பில்லாத கஞ்சி ஒரு கோப்பை வரும். அன்றைக்கென்று யாருக்காவது பிறந்தநாள் வந்து கேக் வெட்டினால் நோயாளிக்குக் கிடையாது. படுத்தபடியே பார்க்கலாம். பின்னேரம் வரைக்கும் விசாரிப்பு நிற்காது. "இப்ப எப்படி மகன்? இன்னும் கொஞ்சம் கஞ்சி தரவா?" அந்தப் பிள்ளைக்கு அடுத்த ஆறு மாதத்துக்கு வயிறு வலிக்காது.

கொட்டாஞ்சேனையில் பஸ் போகிற தெருவோடு ஒரு டயர்க்கடை இருக்கிறது. அதற்கு மேலே இரண்டு அறையும் ஒரு குசினியும். அதுதான் டீச்சரின் நிலையம். அதற்கென்று நல்ல பெயர் ஒன்று பலகையில் எழுதியிருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை. டயர்க்கடை மாடி என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் வெளியே அனுப்பியதுகள், தானாக வெளியே வந்ததுகள் என்று பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வரை இருபத்திரண்டு பேர். காலையில் கணக்கு, சிங்களம், இங்கிலீஷ். சாப்பாட்டுக்குப் பிறகு கம்பியூட்டரும் போன் ரிப்பேரும். ஓ.எல். சோதனை எழுதாதவர்களை எழுதவும் வைப்பார்கள்.

நான் கீழே திரீவீல் ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோக்காரன். என் பெயர் யோகநாதன். எனக்குப் பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி, ஆகவே மேலே நடப்பதில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. படியால் வந்து விழுகிற சத்தத்தை வைத்தே பாதி விளங்கும்.

அங்கே பிரம்பு இல்லை. இரண்டு பேர் தங்களுக்குள் அடிபட்டால் தண்ணீர்ப் போத்தலை, அந்தப் பெரிய நீலப் போத்தலை, இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து மாடிக்கு ஏற்ற வேண்டும். ஒருவன் கோபத்தில் கையை விட்டால் மற்றவன் காலில் விழும். பாதிப் படியில் சமாதானம் ஆகிவிடும். போன் எல்லாம் காலையில் பழுதான ரைஸ் குக்கர் ஒன்றுக்குள் போகும். எவனாவது போன் வீட்டில் என்று சொன்னால் டீச்சர் அதையும் நம்புவார். நம்பிவிட்டு, அவனுடைய நம்பருக்கு எடுப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் இறுக்கம். பெரிய குழப்படிக்கு வீட்டுக்குக் கடிதம். பெற்றவர் அல்லது பொறுப்பானவர் வர வேண்டும். மூன்றாவது கடிதத்துக்கு ஒரு கிழமைக்குள் யாரும் வந்து கேட்டுக் கையெழுத்து வைக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்.

டீச்சர் கொம்பனித்தெருவில் பிறந்தவர். அவர்கள் இருந்த வரிசை வீட்டை உடைத்து மாடி கட்டியபோது பதினோராம் தட்டில் வீடு கிடைத்தது. லிப்ட் நின்ற நாளிலும் படியால் இறங்கி, புடவை கசங்காமல் அதே நேரத்துக்கு நிலையத்துக்கு வருவார். இருபத்தாறு வருடம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். அங்கே கேட்டில் நின்று, பிந்தி வருகிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிற வேலையும் அவருடையதுதான். ஒரு பிள்ளையை மூன்று நாள் திருப்பினாராம். நாலாம் நாள் அது வரவில்லை. அடுத்த வருடம் புறக்கோட்டையில் செருப்புக் கடையில் நின்று அவருக்கே செருப்பு எடுத்துக் கொடுத்ததாம். "டீச்சர், உங்கட புண்ணியத்துல விடிய நல்லா நித்திரை கொள்றேன்" என்றதாம். டீச்சர் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். "செருப்ப வாங்கினேன். அடுத்த மாசம் பென்ஷனுக்கு எழுதினேன்" என்பார்.

நான் மேலே போனது மிதுஷனால். பதினாறு வயது, வாய் மட்டும் முப்பது. முதல் கடிதம் கிடைத்த அன்று என்னிடம் வந்தான்.

"அங்கிள், ஒருக்கா என்ட மாமாவா வரேலுமா?"

"உனக்கு மாமா இல்லையோ?"

"இருக்கிறார். அவர் வந்தா அடிப்பார். நீங்க முகத்த மட்டும்தான் அப்படி வெச்சிருக்கிறீங்க."

ஒரு கிழமை திரீவீலைக் கழுவித் தருவதாகப் பேச்சு. போனேன். டீச்சர் என்னைப் பார்த்து எவ்வளவோ சந்தோஷப்பட்டார். "நல்ல நேரம் வந்தீங்க மாமா, பொறுப்பான ஆள் பக்கத்துல இருந்தா இவன் அடங்குவான்" என்று சொல்லி, அவனோடு ஒரே மேசையில் என்னை இருத்திவிட்டார். இரண்டு மணித்தியாலம் பின்னக் கணக்கு. என்னையும் செய்யச் சொல்லிக் கொப்பி தந்தார். மிதுஷன் என்னுடையதைப் பார்த்து எழுதி, இரண்டு பேருக்கும் பிழை.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் மிதுஷனின் கூட்டாளி அகீல் வந்தான். மெலிந்த பையன், கதை குறைவு, கை வேலையில் கெட்டிக்காரன். அவனுக்கு அது மூன்றாவது கடிதம். முதல் கடிதத்துக்கு அவனுடைய உம்மா பைறோஸா வந்தார். இரண்டாவதுக்கு, டோஹாவில் லொறி ஓட்டுகிற வாப்பா போனில் கதைத்தார். அதாவது கீழே என் திரீவீலுக்குள் இருந்து மிதுஷன் குரலைத் தடிப்பாக்கிக் கதைத்தான். டீச்சர் சுகம் விசாரித்துவிட்டு, அங்கே இப்போது எத்தனை மணி என்று கேட்டார். இவன் இரண்டரை மணித்தியாலத்தைக் கழிக்காமல் கூட்டிச் சொன்னான். இடையில் பஸ் கொண்டக்டர் வேறு மருதானை, மருதானை என்று கத்தினான். டீச்சர் அதையும் நம்பி, "டோஹாவுல மருதானை பஸ் ஓடுறது நல்ல வசதி" என்று சொல்லி வைத்தாராம்.

மூன்றாவது கடிதம் லொறி டயருக்காக. கடைக்கு வெளியே கிடந்த டயர் ஒன்றை அகீல் தெருவில் உருட்டிவிட்டான். அது இறக்கத்தில் வேகம் பிடித்துப் போய் தெம்பிலி இளநீர் விற்கிறவனின் வண்டியில் ஏறி, அதன் பலகையை உடைத்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் கடைக்காரர் மாடிக்கு ஏறி வந்து கத்திவிட்டுப் போனார்.

"சாச்சாவா வாங்க அங்கிள்," என்றான் அகீல். "கடிதத்துக்குத் தந்த ஒரு கிழமை நாளையோட முடியுது. பேர வெட்டினா ஓ.எல்.லும் இல்ல. வெள்ளிக்கிழமையோட விண்ணப்பம் முடியுது."

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. ஸ்டாண்டில் நான் எப்போதும் திரீவீலுக்குள் படுத்திருப்பேன். டீச்சர் அந்த வழியால் போய் வரும்போது என் கால் இரண்டையும் தவிர வேறொன்றையும் கண்டிருக்க மாட்டார். ஒரே ஒரு தடவை மாமாவாகப் பார்த்த முகம் ஒரு மாதத்தில் மறந்திருக்கும். பக்கத்து ஸ்டாண்ட் இன்ஸாபிடம் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே போனேன்.

"ஒங்கட பேர்?"

"ஹாஷிம்."

"அகீல்ட வாப்பாட தம்பியா?"

"ஓம் டீச்சர். சாச்சா."

"கையெழுத்த வைங்க சாச்சா."

பதிவுக் கொப்பியில் ஹாஷிம் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கையெழுத்து. டீச்சர் ஒரு பக்கத்தைப் பின்னால் புரட்டினார். அங்கேயும் அதே கையெழுத்து, அதே நீட்டிய வால்.

"மிதுஷன்ட மாமாவும் அகீல்ட சாச்சாவும் ஒரே கையால எழுதுறீங்க," என்றார். "தொப்பியக் கழட்டுங்க. வேர்க்குது ஒங்களுக்கு."

கழற்றினேன்.

"டீச்சருக்கு எப்ப இருந்து தெரியும்?"

"முதல் நாளே தெரியும். ஒரு வருஷமா உங்கட கால சுத்தித்தானே நான் நடந்து போறேன்."

கதவடியில் நின்ற அகீலைக் கூப்பிட்டார். குரல் மாறிவிட்டது. இந்த முறை நம்பவில்லை.

"மத்ததுக்கெல்லாம் விளையாட்டுக்கு விட்டேன் மகன். இது மூணாவது. உம்மா எங்க?"

"உம்மாவக் கூப்பிட வேணாம் டீச்சர்."

"அப்ப நான் பேர வெட்டணும்."

"வெட்டுங்க."

டீச்சர் பேனையைக் கையில் எடுத்தார், எழுதவில்லை. "ஏன் மகன்?" என்று மட்டும் கேட்டார்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். உம்மாவுக்கு ஒருகொடவத்தையில் ஒரு ஸ்டோரில் மிளகாய்த்தூள் பக்கெட் பண்ணும் வேலை. மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டாலும் லீவு போடாதவர்களுக்குக் கிடைக்கிற அந்த மாதத்து வரவு அலவன்ஸ் முழுக்கப் போய்விடும். முதல் கடிதத்துக்கு வந்தபோது அப்படித்தான் போனது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. சம்பளத் துண்டை இவன் பார்த்துவிட்டான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"யோகநாதன், ஒருகொடவத்தைக்கு எவ்வளவு நேரம்?"

"இந்த நேரம் கன்டேனர் எல்லாம் ரோட்டில டீச்சர். இருபத்தஞ்சு நிமிஷம்."

"இருபதுல போங்க. சாப்பாட்டு நேரத்துக்குள்ள போகணும்."

அகீலையும் ஏற்றிக்கொண்டு ஒருகொடவத்தைக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. கேட்டில் செக்கியூரிட்டிக்காரர் விடமாட்டேன் என்றார். டீச்சர் சிங்களத்தில், "அண்ணே, நாங்க உள்ளுக்கு வரல்ல, அவங்க வெளிய வந்தாப் போதும்" என்றதும் ஆளை அனுப்பினார். பைறோஸா ஓடி வந்தார். தலைத்துணி, கை, இமை எல்லாம் சிவப்புத் தூள். அவர் கிட்ட வந்த உடனே எங்கள் மூன்று பேருக்கும் தும்மல் பிடித்துக்கொண்டது.

"மகனுக்கு என்ன?"

"ஒண்டும் இல்ல," என்று டீச்சர் தும்மினார். "லொறி டயர் ஒண்ட தெருவுல உருட்டி விட்டீக்கான்."

"டயருக்குள்ள ஆள் இருந்தானா?"

"மிதுஷன் ஏறப் பாத்தான் உம்மா," என்றான் அகீல். "தல கொள்ளல்ல."

பைறோஸா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னை.

"இவர் யாரு?"

"அகீல்ட சாச்சா," என்றார் டீச்சர், சிரிக்காமல்.

"என்ட மாமி எனக்குத் தெரியாம இன்னொரு புள்ள பெத்தாவா?"

நான் போய்த் திரீவீல் கண்ணாடியைத் துடைத்தேன். மிச்சத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். டீச்சர் நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னார், டோஹாவையும் சேர்த்து. கடைசியில், "நான் கூப்பிட்டதால அந்த மாசம் ஒங்கட அலவன்ஸ் போனது எனக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல. அது என்ட பிழை" என்றார்.

"டீச்சர், பேர வெட்டிட்டீங்களா?"

"பெத்தவங்க கேட்டு கையெழுத்து வெச்சா வெட்ட மாட்டேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அத எங்க வெச்சா என்ன?"

திரீவீல் சீட்டில் கொப்பியை விரித்தார். பைறோஸா சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அப்படியும் ஒரு சிவப்பு விரல் கடதாசியில் பதிந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"தெம்பிலிக்காரன்ட வண்டிய யாரு செஞ்சி குடுப்பா?"

"நான் உம்மா."

"சனிக்கிழமை போய்ச் செய். செஞ்சி முடிச்சி, பின்னேரம் வரைக்கும் அங்கேயே நிண்டு தெம்பிலி வெட்டிக் குடு."

உள்ளே மணி அடித்தது. அவர் இரண்டடி போனவர், திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை.

"அலவன்ஸ் என்ட வேல. படிப்பு ஒன்ட வேல. என்ட வேலைக்குள்ள நீ கை போடாத."

அகீல் தலையை ஆட்டினான். ஏதோ சொல்லப் பார்த்தான், தும்மல் வந்துவிட்டது. பைறோஸா சிரித்தபடியே உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை காலை மாடியில் கம்பியூட்டருக்கு முன்னால் அகீலை இருத்தி, அவனையே விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னார் டீச்சர். நானும் மேலேதான் நின்றேன். பத்து மணிக்கு அனுப்பியாயிற்று.

அன்று பின்னேரமே டீச்சர் பழைய கடிதத்தாள் கட்டை எடுத்து, "நிலையத்துக்கு வரவும்" என்ற வரியை ஒவ்வொன்றிலும் வெட்டினார். புதிதாக அச்சடித்ததில் கேள்வி மட்டும்தான் இருக்கிறது: உங்களுடைய சாப்பாட்டு நேரம் எத்தனை மணி, எந்த கேட்? முதல் பதில் இரத்மலானையிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். பன்னிரண்டே முக்கால், பின் பக்கத்து கேட், நாய் கட்டியிருக்கும், பயப்பட வேண்டாம்.